கண்ணாடியில் ஒரு விண்மீன்

மைசூரு நகரத்தார் பேராசிரியர் எம். வி. கோபாலசாமியை இன்றும் வானொலியோடு சேர்த்தே நினைவுகூர்கின்றனர். ஆகாசவாணி என்னும் பெயரோடு ஒரு வானொலி நிலையத்தைத் தம் இல்லத்திலேயே நடத்தியவர் அவர். ஆயினும் அவர் பொறியாளர் அல்லர், வணிகரும் அல்லர். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். மனிதர் எவ்வாறு கற்கின்றனர், கற்கும் வேகத்தில் ஒருவருக்கொருவர் ஏன் வேறுபடுகின்றனர் என்பனவே அவர் முதலில் ஆராய்ந்த கேள்விகள். வானொலிப் புகழ் அந்த ஆய்வுப் பணியை ஓரளவு மறைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

உளவியல் அக்காலத்தில் இளைய துறை. மனத்தைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. ஆனால் மனத்தின் செயல்களைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளக்கும் முயற்சி 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வகத்தோடுதான் வேரூன்றியது. அங்குப் பயின்ற ஆங்கிலேயர் சார்லஸ் ஸ்பியர்மன். அவர் 1904இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு பாடத்தில் சிறந்து விளங்கும் மாணவர் மற்றப் பாடங்களிலும் ஓரளவு சிறந்து விளங்குவதைக் கணக்கிட்டுக் காட்டி, எல்லா அறிவுச் செயல்களுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் இருக்க வேண்டும் என்று அவர் கூறினார். இக்கருத்தைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த ஸ்பியர்மனிடம், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், 1920களின் தொடக்கத்தில் ஆய்வு மாணவராய் அமர்ந்தவர் கோபாலசாமி.

அவர் கையாண்ட சோதனை எளியது. செய்து பார்ப்போரைத் திகைக்க வைப்பது. ஒரு தாளில் விண்மீன் வடிவம் இரட்டைக் கோடுகளால் வரையப்பட்டிருக்கும். இரு கோடுகளுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில், கோட்டைத் தொடாமல், கரிக்கோலால் ஒரு சுற்று வர வேண்டும். குழந்தையும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வரைவோரின் கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஓர் அட்டை மறைப்பாக நிற்கும். தாளுக்கு அப்பால் ஒரு கண்ணாடி நிறுத்தப்பட்டிருக்கும். தம் கையையும் தாளையும் அக்கண்ணாடியில் மட்டுமே அவர் காணலாம்.

இப்போது வேலை வேறாகிவிடுகிறது. கையை முன்னால் நகர்த்தினால் கண்ணாடியில் அது பின்னால் வருவது போலத் தோன்றும். இடமும் வலமும் மாறுவதில்லை. முன்னும் பின்னுமே மாறும். ஆகவே குறுக்குக் கோட்டில் கரிக்கோல் தடையின்றி ஓடும். சாய்ந்த கோட்டில்தான் சங்கடம். முனையில் திரும்பும் இடத்தில் கை நின்றுவிடும். எந்தப் பக்கம் போவது என்று அறிவு சொல்கிறது, கை கேட்பதில்லை. நடுங்கி, கோட்டைத் தாண்டி, மீண்டு வந்து, ஒருவாறு சுற்றை முடிப்பதற்குள் நிமிடங்கள் கழிந்துவிடும். நன்கு படித்தவர்களும் இங்குக் கைநாட்டுக்காரர்களாய்த் தடுமாறுவர்.

சோதனையின் பயன் அடுத்துத்தான் தொடங்குகிறது. அதே விண்மீனை அவர் இரண்டாம் முறை வரைவார். மூன்றாம் முறை வரைவார். ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தையும் கோட்டைத் தொட்ட பிழைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வர். அவ்வெண்களை வரைபடமாக்கினால் தொடக்கத்தில் செங்குத்தாய்ச் சரிந்து, பின்னர் மெல்லத் தட்டையாகும் ஒரு வளைகோடு கிடைக்கும். கற்றல் என்னும் கண்ணுக்குத் தெரியாத செயல் அவ்வாறு ஒரு கோடாகத் தாளில் இறங்கிவிடுகிறது. இன்னொரு வியப்பும் உண்டு. வலக்கையால் பலமுறை பழகியவரை இடக்கையால் வரையச் சொன்னால், ஒருமுறைகூடப் பழகாத இடக்கையும் முன்பைவிட விரைவாக வரையும். கற்றது விரல்களில் மட்டும் தங்குவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

கை செய்யும் இத்தகைய கற்றலில் அறிவுத்திறனுக்குப் பங்கு உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பது கோபாலசாமி எழுப்பிய கேள்வி. இதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1924இல் பிரிட்டனின் உளவியல் ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில், கைத்திறன் கற்பதில் சிக்கனம் எவ்வாறு அமையும் என்பது பற்றி அதே இதழில் மற்றொரு கட்டுரையும் வந்தது. சிக்கனம் என்றால் இங்குப் பணச் சிக்கனம் அன்று, முயற்சியின் சிக்கனம். இந்த நோக்கு அதற்கு முன்பே இத்துறையில் இருந்தது. ஜெர்மானியர் எர்மன் எபிங்கவுசு 1885இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது குறைந்த உழைப்பில் நிலைக்கும் என்று காட்டியிருந்தார். தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் விளக்கேற்றும் மாணவர்கள் அன்றும் இருந்திருப்பர் போலும்.

லண்டனில் முனைவர் பட்டம் பெற்ற கோபாலசாமி மைசூருக்குத் திரும்பினார். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் நிறுவப்பெற்றது. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மகாராஜா கல்லூரியில் மெய்யியல் கற்பித்துச் சென்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது துணைவேந்தராய் இருந்தவர் வங்காள அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு 1905இலேயே சோதனை உளவியலுக்கான பாடத்திட்டம் வகுத்துத் தந்தவர் அவர். கல்கத்தாவில் அத்துறை 1916இல் செயற்படத் தொடங்கியது. அதற்கு அடுத்து, 1924இல், மைசூரில் உளவியல் துறை தோன்றியது. அதனைக் கட்டி எழுப்பும் பொறுப்பு கோபாலசாமியின் தோளில் விழுந்தது. மெய்யியல் வகுப்பின் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்த பாடம் தனக்கென ஆய்வகமும் கருவிகளும் உடைய துறையாய் வளர்ந்தது.

அக்காலத்து இந்திய உளவியலாளர் அனைவரையும் வருத்திய சிக்கல் ஒன்று இருந்தது. அது மொழிச் சிக்கல். பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் பினே 1905இல் சிறுவர்களுக்கான அறிவுத்திறன் வினாக்களை வகுத்தார். பள்ளியில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என அறிவதே அவர் நோக்கம். அவ்வினாக்கள் பாரிசுச் சிறுவர்களுக்காக, பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இந்தியச் சிறுவர் முன் வைத்தால் என்ன ஆகும்?

கோபிநத்தம் என்னும் ஊரை எண்ணிப் பார்க்கலாம். மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே, காவிரி ஓடும் காட்டுப்பகுதியை ஒட்டி அமைந்த ஊர் அது. அதனை உள்ளடக்கிய கொள்ளேகாலம் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஊர் அங்கேயே இருக்க, மாநிலமும் மாவட்டமும் மாறின. அங்குள்ளோரிற் பலர் வீட்டில் தமிழ் பேசுவோர். வீட்டில் அம்மாவிடம் தமிழிலும் பள்ளியில் ஆசிரியரிடம் கன்னடத்திலும் பேசும் ஒரு சிறுமியிடம், ஒரு கன்னடச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்கிறார் ஆய்வாளர். அவள் ஒரு கணம் தயங்குகிறாள். கடிகாரம் ஓடுகிறது. அந்தத் தயக்கம் அறிவின் தயக்கமா, மொழியின் தயக்கமா? கடிகாரத்திற்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆய்வாளருக்கும் தெரியாவிட்டால், அறிவுள்ள குழந்தையின் பெயருக்கு நேரே தவறான எண் ஒன்று ஏறிவிடும். அவ்வெண்ணை நம்பி அவளுடைய படிப்பையும் சிலர் முடிவு செய்துவிடுவர்.

இதனை உணர்ந்தோர் இரு வழிகளில் முயன்றனர். தார்வாடத்தில் வி. வி. காமத் என்பவர் பினேயின் சோதனையைக் கன்னடச் சிறுவருக்கும் மராட்டியச் சிறுவருக்கும் ஏற்றவாறு திருத்தி அமைத்து, 1940இல் நூலாக வெளியிட்டார். வட இந்தியாவில் சி. எம். பாட்டியா 1955இல், எழுத்தறியாச் சிறுவரும் செய்யத்தக்க செயற்சோதனைகளை வகுத்தார். வண்ணக் கட்டைகளை அடுக்குதல், வடிவங்களை வரைதல், சிதறிய படத் துண்டுகளைச் சேர்த்தல் போன்றவை அவை. கோபாலசாமி லண்டனில் கையாண்ட கண்ணாடி விண்மீனுக்கும் இத்தகைய சிறப்பு உண்டு. அது தமிழும் கேட்பதில்லை, கன்னடமும் கேட்பதில்லை. எந்த மொழியினரும் அதன்முன் ஒரே மாதிரிதான் தடுமாறுவர். ஒரே மாதிரிதான் தேறுவர்.

இனி வானொலிக்கு வருவோம். இந்திய வானொலியின் தொடக்கத்தில் தனியார் ஆர்வமே பெரிதாக இருந்தது. சென்னையில் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் ஒரு வானொலிக் கழகம் எழுந்தது. பணமுடையால் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. மைசூரில் 1935 செப்டம்பரில் கோபாலசாமி தம் இல்லமாகிய விட்டல் விகாரில் ஒலிபரப்பைத் தொடங்கினார். ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் வெறும் 30 வாட். இன்று வகுப்பறையில் சுழலும் மின்விசிறி பலவும் அதைவிட மிகுதியாக மின்சாரம் கொள்ளும். அவ்வளவு சிறிய ஆற்றலில் இசையும் உரையும் கவிதையும் மைசூர் வானில் ஏறின. கன்னடக் கவிஞர் குவெம்புவின் குரலும் அவற்றுள் ஒன்று. இந்திய அரசின் ஒலிபரப்பு அமைப்பு அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்றது 1936 சூனில்தான். ஒரு பேராசிரியரின் வீடு அதற்கு ஒன்பது மாதம் முந்திக்கொண்டது.

இம்முயற்சியில் அவரோடு உழைத்தவர் நா. கஸ்தூரி. கேரளத்தின் திருப்பூணித்துறையில் பிறந்து, மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, வேலையின்பொருட்டு மைசூர் வந்து, கன்னடம் கற்று, அம்மொழியின் சிறந்த நகைச்சுவை எழுத்தாளருள் ஒருவராய் உயர்ந்தவர் அவர். வந்த ஊரின் மொழியில் ஊராரைச் சிரிக்க வைப்பது எளிதன்று. இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. ஆகாசவாணி என்னும் பெயரைத் தேர்ந்தவர் கோபாலசாமி என்பாரும் உளர். கஸ்தூரி என்பாரும் உளர்.

உளவியலாளர் ஒருவருக்கு வானொலி எதற்கு என்று தோன்றலாம். ஆய்வகத்தில் ஆய்வாளர் ஒரு நேரத்தில் ஒருவரையே காண்கிறார். அவர் முகம் சுளிப்பதும் கை நடுங்குவதும் கண்ணுக்குத் தெரியும். வானொலியில் பேசுவோருக்குக் கேட்போர் தெரிவதில்லை. கேட்போருக்கும் பேசுவோரின் முகம் இல்லை, கரும்பலகை இல்லை. குரல் ஒன்றே உண்டு. கல்லூரி வாயிலைக் கடக்க இயலாத ஒருவருக்கும் அக்குரல் வழியே பாடம் எட்டும். கற்றலை ஆராய்ந்தவர் அந்தக் கருவியை விரும்பியதில் வியப்பில்லை. இன்று அறிதல்சார் உளவியலாளர் பலர் இணையவழியே சோதனை நடத்துகின்றனர். பங்கேற்போர் தத்தம் வீட்டில் அமர்ந்து, திரையில் தாறுமாறாய்த் திருப்பப்பட்ட சுட்டியை நகர்த்தப் பழகுகின்றனர். கண்ணாடி விண்மீனின் பேரப்பிள்ளை என அதனைக் கூறலாம். அங்கும் ஆய்வாளர் அவர்களைக் காண்பதில்லை.

ஒரு பேராசிரியரின் வருவாயில் வானொலி நிலையம் நெடுநாள் நடவாது. 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை பெற்றபின் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. மைசூரில் மட்டும் வழங்கிய ஆகாசவாணி என்னும் பெயர், அதன்பின் சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் உள்ள அரசு ஒலிபரப்பின் பெயராயிற்று. தமிழர் தம் மொழிக்குரிய வானொலி என்னும் சொல்லையே விரும்பி வழங்கினர். வானிலிருந்து வரும் குரல் என்பதே இரு சொற்களின் பொருளும்.

கண்ணாடி விண்மீன் அதனினும் நீண்ட பயணம் மேற்கொண்டது. கனடாவின் மாண்ட்ரியால் நகரைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் 1950களில் என்றி மொலைசன் என்பவருக்கு இச்சோதனையை வைத்தார். மூளை அறுவைக்குப்பின் மொலைசனுக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்குவதில்லை. மூன்று நாள் தொடர்ந்து அவர் விண்மீன் வரைந்தார். ஒவ்வொரு நாளும் அச்சோதனையைத் தாம் இதற்குமுன் கண்டதே இல்லை என்று எண்ணினார். ஆனால் அவர் கை முந்தைய நாளினும் திறம்பட வரைந்தது. நினைவு ஒன்றல்ல, பலவகை என்று அறிஞர் தெளிய அக்கை வழிகாட்டியது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் உளவியல் செய்முறை வகுப்புகளில் அந்தக் கண்ணாடிக் கருவி இன்றும் மேசைமேல் இருக்கிறது. மாணவர் இருவர் இருவராய் அமர்கின்றனர். ஒருவர் வரைகிறார், மற்றவர் நிறுத்துகடிகாரத்தைப் பிடித்திருக்கிறார். முதன்முறை ஆன வினாடிகளும் பிழைகளும் ஏட்டின் முதல் வரிசையில் ஏறுகின்றன. கீழே பத்து வரிசைகள் காலியாய் இருக்கின்றன.