டக் டக் சத்தமும் தாமஸ் மிட்ஜ்லியும்

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால், என்ஜினுக்குள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே... ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நாக்கிங்! டைமிங் அட்வான்ஸ் அதிகமா, ஹெட்டில் கரி பிடித்திருக்கிறதா, தவறான பிளக்கா, பெட்ரோலில் ஆக்டேன் கம்மியா என்று நாமே மளமளவென்று சொல்லிவிடுவோம். இந்தச் சத்தத்துக்கு மருந்து தேடியே பெயர் வாங்கியவர் ஒருவர் இருந்தார். அந்தப் பெயர் பிறகு என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாமஸ் மிட்ஜ்லி 1889 மே 18-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். எதில் தெரியுமா? மெக்கானிக்கல்! கெமிஸ்ட்ரியெல்லாம் வேலை செய்துகொண்டே தானாகப் படித்ததுதான். 1916-ல் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில், காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் தந்த சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது கெட்டரிங்குக்கு ஒரு தலைவலி. என்ஜின் தட்டுகிறது என்றால் அவருடைய பேட்டரி இக்னிஷன் மேல்தான் பழி விழுந்தது. உண்மையில் கோளாறு எங்கே என்று பார்க்கும் பொறுப்பு மிட்ஜ்லியிடம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்ட்ஸ் மாற்றிக்கொண்டு இருக்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒளியால் படமாக வரைந்து காட்டும் இண்டிகேட்டர் ஒன்றை அமைத்தார். படத்தில் விஷயம் வெட்டவெளிச்சமானது. ஸ்பார்க் விழுவதற்கு முன்னால் எதுவும் எரியவில்லை. ஸ்பார்க் விழுந்து, தீ பரவிக்கொண்டிருக்கும்போதுதான் அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. அதாவது கடைசியாக ஒரு மூலையில் மிச்சமிருக்கும் கலவை, நசுங்கிச் சூடாகி, தீ வந்து சேர்வதற்குள் தானே ஒட்டுமொத்தமாக வெடிக்கிறது. ஆகவே இக்னிஷன் நிரபராதி. குற்றவாளி எரிபொருள்!

அடுத்து நடந்தது ஒரு கூத்து. சிவப்பு இலைச் செடி ஒன்று வசந்தத்தில் சீக்கிரம் பூக்கிறதே, சிவப்பு நிறம் வெப்பத்தை இழுக்கிறதோ, எரிபொருளுக்கும் சிவப்பு ஏற்றினால் என்ன என்று இருவருக்கும் ஒரு யோசனை. கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார்கள். சத்தம் நின்றுவிட்டது! சந்தோஷத்தில் மற்ற சிவப்புச் சாயங்களைக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் வேலை செய்தது. தியரி தப்பு, ரிசல்ட் கரெக்ட்! நம்ம லேபிலும் நடக்கிறதுதானே?

அயோடின் விலை அதிகம். பிறகு அனிலின், செலினியம், டெல்லூரியம் என்று பல வருஷம் ஓடியது. நாற்றம் தாங்கவில்லை. தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு படிப்படியாக இறங்கி, 1921 டிசம்பர் 9-ல் டெட்ரா எத்தில் லெட்டில் வந்து நின்றார்கள். காலனுக்கு சுமார் 3 மில்லி கலந்தாலே போதும், என்ஜின் அமைதி. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. அந்த மே மாத இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் இந்தப் பெட்ரோல் ஊற்றிய கார்களுக்கே.

இங்கேதான் எனக்கு மனசு உறுத்துகிறது. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் நிற்கும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும். 1921-ல் அப்படி ஓடும் காரை அவரே என்ஜினியர்களுக்குக் காட்டியிருக்கிறார். ஆனால் ஆல்கஹால் யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடியது, நிறைய ஊற்றவும் வேண்டும். ஈயக் கூட்டுப்பொருள் அப்படியில்லை, காப்புரிமையோடு கம்பெனி கையில் இருந்தது. ஈயம் விஷம் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. 1923 தொடக்கத்தில் அவரே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு ஃபுளோரிடா போய் ஓய்வெடுத்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துக் கத்தினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார், ஆபத்தில்லை என்று நம்பவைக்க! 1925-ல் விற்பனை நின்றது. 1926-ல் மறுபடி வந்துவிட்டது.

அவர் புகழ் குறையவில்லை. ஃபிரிட்ஜுக்கான ஃப்ரியான் வாயுவையும் கொடுத்தார். அது ஓசோனைத் தின்றது வேறு கதை, அந்த ஆபத்து அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1940-ல் போலியோ தாக்கிக் கால்கள் போயின. படுக்கையிலிருந்து எழ கயிறும் கப்பியும் கொண்டு தனக்கே ஒரு அமைப்பு செய்துகொண்டார். 1944 நவம்பர் 2-ல் அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

ஈயப் பெட்ரோல் அவருக்குப் பிறகும் பல பத்தாண்டு உலகமெங்கும் புகைந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது, மூளையைப் பாதித்தது. இந்தியாவில் அது 2000 பிப்ரவரியோடு நின்றது. கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவில் நின்றது. இன்றைய கார்களில் என்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. தட்டல் கேட்டதுமே இசியூ டைமிங்கைக் கொஞ்சம் ரிடார்டு செய்துவிடும். நம்ம ஊர் பங்கில் இப்போது ஊற்றுகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. மிட்ஜ்லி 1921-ல் காரில் ஊற்றிக் காட்டிய அதே ஆல்கஹால்தான்.