முதுகை நிமிர்த்திய மருத்துவர்

வளரும் பருவத்தில் சில பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகிக்கொள்ளும். ஸ்கோலியோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு எஃகால் ஊன்று தந்தவர் டாக்டர் பால் ஹாரிங்டன்.

1911-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தார். அங்கேயே பல்கலைக் கழகத்தில் கூடைப்பந்தும் ஆடினார்; மருத்துவமும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபின் ஹூஸ்டன் நகரில் குடியேறினார். இளம்பிள்ளை வாதம் அங்கே பரவிய காலம் அது. வாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்கள் மூச்சுவிடவும் திணறினர். கனத்த மாவுக்கட்டை அவர்களால் தாங்க முடியவில்லை.

ஹாரிங்டன் வளைவின் உட்புறத்தில் மேலும் கீழும் கொக்கிகளை மாட்டி, இடையே எஃகுத் தண்டைப் பொருத்தி நீட்டினார். முதுகு நிமிர்ந்தது. ஆனால் நாளடைவில் தண்டுகள் முறிந்தன, கொக்கிகள் நழுவின. அவர் தோல்வியை மறைக்கவில்லை. உலோகம் தற்காலிகத் துணையே. எலும்போடு எலும்பு ஒட்டினால்தான் நிமிர்வு நிலைக்கும் என்று தெளிந்தார். கருவியைப் பலமுறை திருத்திய பிறகே, 1962-ல் தம் முறையை விரிவாக வெளியிட்டார்.

1980-ல் அவர் மறைந்தார். திருகலையும் சீர்செய்யும் புதிய கருவிகள் வந்து அவருடைய தண்டை விலக்கிவிட்டன. எனினும், உலோகம் தாங்க எலும்பு ஒட்ட வேண்டும் என்னும் நெறி இன்றும் நிற்கிறது. தம் பிழையைத் தாமே எண்ணிப் பார்த்துத் திருத்திய நேர்மைதான் அவர் பெருமை.