கணக்குச் சுமையைக் குறைத்த ஜான் நேப்பியர்



பெருக்கற் கணக்கென்றால் அஞ்சும் சிறுவர் பலர். அவ்வச்சம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர், வானநூல் அறிஞர்களும் கப்பல் மாலுமிகளும் பெரிய எண்களைப் பெருக்கியும் வகுத்தும் களைத்துப் போயினர். ஓரிடத்தில் பிழை நேரின், பல நாள் உழைப்பு வீணாகும். அச்சுமையைக் குறைக்க அரும்பாடுபட்ட பெரியாரே ஜான் நேப்பியர்.

அவர் 1550-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரையடுத்த மெர்ச்சிஸ்டன் கோட்டையில் பிறந்தார். 13-ஆம் வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எனினும் அங்குப் பட்டம் பெற்றதாகச் சான்று இல்லை. அவர் ஆசிரியத் தொழில் புரிந்தவருமல்லர். குடும்ப நிலங்களை மேற்பார்த்துக்கொண்டே, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கணிதத்தை ஆராய்ந்தார்.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்து, பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கை அட்டவணையை 1614-இல் வெளியிட்டார். அதனைக் கண்டு வியந்த இலண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ், 1615-இல் எடின்பரோவுக்குப் பயணஞ்செய்து அவரைச் சந்தித்தார். பத்தை அடியெண்ணாகக் கொண்டால் மடக்கை மேலும் எளிதாகும் என இருவரும் உடன்பட்டனர்.

மடக்கை கற்றோர்க்கு உதவியது. எளியோர்க்கும் ஒரு கருவி வேண்டுமல்லவா? அக்காலத்தில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் சாய்கோட்டால் பிரித்துப் பெருக்கும் முறை ஒன்று வழக்கில் இருந்தது. 1478-இல் இத்தாலியின் திரெவீசோ நகரில் அச்சான கணக்கு நூலிலும் அதனைக் காணலாம். நேப்பியர் அக்கட்டங்களைத் தனித்தனிக் கோல்களில் பொறித்தார். ஒவ்வொரு கோலின் தலையிலும் ஓர் எண். அதன் கீழே அவ்வெண்ணின் வாய்பாடு. தந்தத்திலும் எலும்பிலும் செய்யப்பட்டமையால் அவை நேப்பியரின் எலும்புகள் எனப் பெயர்பெற்றன.

நாளொன்றுக்கு 425 செம்பனைக் குலைகள் வீதம் ஆறு நாளில் எத்தனை? 4, 2, 5 ஆகிய கோல்களை அருகருகே வைத்து, ஆறாம் வரிசையைப் பார்ப்போம். அங்கே 24, 12, 30 என்பன இருக்கும். ஒவ்வொன்றிலும் சாய்கோட்டின் மேலே பத்துகள், கீழே ஒன்றுகள். வலப்புறத்திலிருந்து சாய்வாகக் கூட்டினால் 0, 3-உம் 2-உம் 5, 1-உம் 4-உம் 5, எஞ்சியது 2. விடை 2550 குலைகள்.

இம்முறையில் பெருக்கலை முதலில் முடித்துவிட்டுப் பின்னரே கூட்டுகிறோம். பெருக்கும்போதே மீதியை மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. ஆகவே, மீதியை மறந்து தவறும் பிள்ளையை மந்தபுத்தி உடையவன் என ஒதுக்குதல் முறையன்று. அவனுக்கேற்ற வழியைக் காட்டுவதே நம் கடமை.

கோல்களை விளக்கிய நூல் வெளிவந்த 1617-ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 4-ஆம் நாள், நேப்பியர் மறைந்தார்.

மாணவர்களே! இவ்விடுமுறையில் மணிலா அட்டையில் பத்துக் கோல்கள் செய்யுங்கள். வாய்பாட்டை நீங்களே எழுதினால் அது மனத்திலும் பதியும். பெற்றோர்களே! வேலை முடிந்து வீடு திரும்பியபின், பிள்ளைகளுடன் சிறிது நேரம் அமர்ந்து அக்கோல்களை அடுக்கிப் பாருங்கள். பள்ளியில் நாம் கற்பிப்பது அப்போதுதான் வேரூன்றும்.