டைமிங் பெல்ட்டை அறுந்த பிறகா மாற்றுவது? டி.வி.சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கை சொல்லும் பதில்

டீசல் கார் வைத்திருக்கும் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு டைமிங் பெல்ட்டை மாத்தணும்? நூறு ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் பஸ் தொழிலை வளர்த்த ஒருவரின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது.

யார் அவர்?

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1877-ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அப்படியே தொடங்கி, பிறகு ரயில்வே, வங்கி என வேலை பார்த்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். 1912-ல் பஸ் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 35.

ரோட்டில் கிடந்த ஆணி

அன்று ரோடு மாட்டு வண்டிகளுக்கானது. லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் வழியெங்கும் கிடக்கும். டயரில் ஒன்று ஏறினால் போச்சு, பயணிகள் பொட்டல் வெயிலில் நிற்க வேண்டியதுதான். அதனால் பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் பொருத்திய வண்டியை அனுப்பி, ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது ஒரு வழி. பஞ்சரே ஆகாமல் பார்த்துக்கொள்வது அவர் வழி. அவருடைய பஸ்கள் நேரம் தவறாதவை என்று பெயர் வாங்கின.

பெட்ரோல் இல்லாத காலம்

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அவர் பஸ்களை ஷெட்டில் நிறுத்திவிடவில்லை. கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலை, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று தொழில் விரிந்தது. வண்டியை வாங்குவதோடு வேலை முடிவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டிலும் அவர் காலத்து வழக்கத்துக்கு அடங்கவில்லை. சிறு வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை டெல்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தார். பின்னாளில் ஜி.ராமச்சந்திரனை மணந்த சௌந்தரம், அவரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கினார்.

சரி, நம்ம காருக்கு வருவோம்

ஐயங்காரின் முதல் பஸ்களில் இந்த ரப்பர் பெல்ட் கிடையாது. ஆனால் ஆணிக்குச் சொன்ன பாடம் இதற்கும் பொருந்தும். கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் ஒரே கணக்கில் சுற்றுவதைப் பார்த்துக்கொள்வது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். பெல்ட் செலவு இன்ஜின் செலவாகிவிடும். அறுவதற்கு முன் சத்தமோ அறிகுறியோ வரும் என்று நம்பவும் முடியாது. அதனால்தான் கிலோமீட்டர், வருடம் இரண்டுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். சில இன்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா? கைப்பழக்கமும், அந்த இன்ஜினுக்கான லாக் பின்களும் இருந்தால் முடியும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டைமிங் குறிகளைச் சேர்த்து, இன்ஜினை லாக் செய்த பிறகுதான் பழைய பெல்ட்டில் கை வைக்க வேண்டும். டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும். மாட்டியதும் லாக்கை எடுத்துவிட்டு, சாவி போடாமல், கிராங்க்கை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் சேர்கிறதா என்று பாருங்கள். எங்காவது இடித்தால் அழுத்தாதீர்கள். ஒரு பல் தள்ளி விழுந்தாலும் ஆபத்துதான். பழக்கம் இல்லையென்றால் தயங்காமல் நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சுந்தரம் ஐயங்கார் 1955-ல், 78 வயதில், கொடைக்கானலில் காலமானார். இன்று மதுரை ரிங் ரோட்டில் லாட ஆணி கிடப்பதில்லை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாமல், பானெட்டுக்குள் ஒரு பெல்ட் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியாக அதை எப்போது மாற்றினீர்கள்?