லாஸ் காசஸ்: காலந்தாழ்ந்து வந்த தெளிவு

மனித உயிர் பெறுமதிமிக்கது என்பதை மறுப்போர் எவருமிலர். யாருடைய உயிர் என்ற வினா எழும்போதே கருத்துகள் வேறுபடத் தொடங்குகின்றன. தத்தமது இழப்புகளை மாத்திரம் எண்ணிப் பழகிய சமூகங்களில் வாழும் எமக்கு இது புதியதொரு விடயமன்று. இவ்வினாவுக்கு முழுமையான விடைகாண ஒரு மனிதருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. பார்த்தலோமே டி லாஸ் காசஸ் என்ற ஸ்பானியக் குருவையே இங்கு நாம் குறிப்பிடுகின்றோம்.

1484 இல் செவில் நகரில் பிறந்த அவர், 1502 இல் கரிபியன் கடலிலுள்ள ஹிஸ்பனியோலா தீவுக்குச் சென்ற குடியேறிகளுள் ஒருவராவார். அங்கு சுதேச மக்கள் குடியேறிகளுக்குப் பங்கிட்டு வழங்கப்பட்டனர். அவர்களை வயல்களிலும் பொற்சுரங்கங்களிலும் கட்டாய வேலைக்கு அமர்த்தலாம்; பதிலாகச் சமயம் போதிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. லாஸ் காசஸும் தமது பங்கைப் பெற்றுக்கொண்டார். குருவான பின்னரும் அதனைக் கைவிடவில்லை. சுதேசிகளை வைத்திருப்பவர் என்ற காரணத்தால் டொமினிக்கன் துறவியொருவர் பாவமன்னிப்பு வழங்க மறுத்தபோதுகூட அவர் மனம் மாறினாரில்லை.

1513 இல் கியூபாவைக் கைப்பற்றச் சென்ற படையினருடன் சமயப் பணிக்காக அவரும் சென்றார். கவோனாவோ என்னும் ஊரில், மீனும் மரவள்ளி ரொட்டியும் கொண்டுவந்து உபசரித்த மக்கள் எவ்விதக் காரணமுமின்றி வெட்டிக் கொல்லப்பட்டதை நேரில் கண்டார். அடுத்த ஆண்டு, பிரசங்கமொன்றுக்கு ஆயத்தஞ்செய்கையில், ஏழைகளிடம் பறித்த பொருளை இறைவனுக்குக் காணிக்கையாக்குவதைக் கண்டிக்கும் வேதாகமப் பகுதி அவரை உலுக்கியது. தமக்கு வழங்கப்பட்ட சுதேசிகளை ஆளுநரிடமே துறந்துவிட்டு, குடியேறிகளின் முகத்துக்கு நேரே அவர்களது கொடுமைகளைக் கண்டித்தார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அவரைப் புனிதராகப் போற்றிவிட்டு நாம் அமைதியடைந்திருக்கலாம். ஆனால் 1516 இல் சுதேசிகளைக் காப்பதற்கென அவர் ஸ்பானிய அரசுக்குச் சமர்ப்பித்த திட்டத்தில், சுரங்க வேலைக்கு அடிமைகளை, ஆபிரிக்கர் உட்பட, கொண்டுவரலாம் எனப் பரிந்துரைத்தார். ஆபிரிக்க அடிமைகள் அதற்கு முன்னரே அங்கு கொண்டுவரப்பட்டிருந்தமையால், அவ்வியாபாரத்தைத் தொடக்கியவர் அவரே என்பது நியாயமற்ற குற்றச்சாட்டாகும். ஆயினும் 1531 இலும் அவர் அதே யோசனையை முன்வைத்தார் என்பதை மறைத்துவிட முடியாது. தம் கண்முன் மடிந்தோரின் உயிர் அவருக்குத் தெரிந்தது. கடலுக்கு அப்பால் பிடிக்கப்பட்டோரின் உயிர் தெரியவில்லை.

இதற்கிடையே அவரது போராட்டம் ஓயவில்லை. டொமினிக்கன் சபையில் இணைந்தார். சுதேசிகளை அடிமைப்படுத்துவதைத் தடைசெய்த 1542 ஆம் ஆண்டுப் புதிய சட்டங்களுக்கு அவரது முயற்சி பெரிதும் காரணமாயிற்று. சியாபாஸ் ஆயராகியபோது, முன்னர் தமக்கு மறுக்கப்பட்ட பாவமன்னிப்பை அடிமைகளை விடுவிக்காத குடியேறிகளுக்குத் தாமும் மறுத்தார். அங்கு எழுந்த எதிர்ப்பினால் சில ஆண்டுகளிலேயே ஸ்பெயின் திரும்ப நேர்ந்தது. 1550 இல் வல்லாடோலிட் நகரில், சுதேசிகள் இயல்பிலேயே அடிமைகள் என வாதிட்ட செபுல்வேடா என்ற அறிஞருக்கு எதிராக வாதாடினார். நடுவர்கள் தெளிவான தீர்ப்பெதனையும் வழங்கவில்லை.

முதுமையில் அவர் எழுதிய இந்தியத் தீவுகளின் வரலாறு என்ற பெருநூலே எமது கவனத்துக்குரியது. ஆபிரிக்கக் கரையோரங்களில் போர்த்துக்கேயர் மனிதரைப் பிடித்த முறையை ஆராய்ந்தறிந்த அவர், ஆபிரிக்கரின் அடிமைத்தனமும் சுதேசிகளுடையதைப் போலவே அநீதியானது என அந்நூலில் எழுதினார். தமது பழைய யோசனையைத் தாமே பதிவுசெய்து, அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காப்பாற்றுமா என்பது நிச்சயமில்லை என ஒப்புக்கொண்டார். எதிரிகள் எவரும் வற்புறுத்தாமல், தம் கையாலேயே தம்மைக் குற்றவாளியாக்கிய இச்செயல் எமக்கு அவரது ஏனைய வெற்றிகளிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

நாற்பது ஆண்டுகளுக்கு அந்நூலை வெளியிடலாகாது எனப் பணித்துவிட்டு, 1566 இல் மட்ரிட்டில் காலமானார். ஆனால் நூல் அச்சேறியது 1875 இலாகும். அப்போதும் கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் வேலைசெய்து கொண்டிருந்தனர். அவர்கள் விடுதலை பெற மேலும் 11 ஆண்டுகள் சென்றன.