ஈரக்காற்றை அளந்தவர்

கற்பிட்டிக் கரையிலே பிறந்தவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் ஆசை புதிதன்று. 1807ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி, 1859இல் ஆங்கில நூலாக வெளியிட்டமையை இலக்கிய அன்பர்கள் அறிவர். அப்பெரியார் புலவர்களை எழுதினார்; நானோ ஒரு பொறியியலாளரைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். பொறிக்கும் புலமைக்கும் உறவென்ன என்று வாசகர் வினவக்கூடும். என் தந்தையார் விட்டுச்சென்ற தமிழ் நூல்களும், அவர் தம் கைப்பட எழுதிவைத்த பதினொரு குறிப்பேடுகளும் பூஞ்சணம் பிடித்து அழியவிருந்த வேளையிலேதான் வில்லிஸ் கேரியர் என்பாரின் வரலாற்றை நான் தேடிப் படிக்கலானேன். உறவு அவ்வளவே.

எங்கள் ஊர் ஒரு புறம் கடலும் மறு புறம் களப்புமாக அமைந்த ஒடுங்கிய நிலம். காற்றிலே நீர் உண்டு என்பதை இங்கு எவரும் பள்ளிக்கூடத்திற் படித்து அறிய வேண்டியதில்லை. சோளகக் காற்றும் வெயிலும் கூடி அடிக்கும் மாதங்களில் புத்தளத்து உப்பளங்களிற் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. மாரி பிறந்துவிட்டாலோ, அதே உப்பு அடுக்களைச் சாடியில் இருந்தபடியே கசிந்து நீராகிறது. என் தாயார் சாடிக்குள் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார். அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கண்ட விஞ்ஞானம். அக்காலத்து வீடுகளும் காற்றின் குணம் அறிந்து கட்டப்பட்டவை. தடித்த சுவர், தாழ்ந்த கிடுகுக் கூரை, அகன்ற திண்ணை, காற்றுக்கு எதிர் எதிரே திறக்கும் யன்னல்கள். நாங்களோ கிடுகை நீக்கிக் கொங்கிறீற்றுத் தட்டை ஏற்றினோம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தட்டு, இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழ்ந்தது. ஆகவே இயந்திரம் வேண்டியதாயிற்று.

நூல்கள் இருந்த அறை பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உடையது. அதற்கு 18,000 பி.ரி.யு. வலுவுள்ள குளிரூட்டியை ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டினார். பெரிதாக வாங்கினால் விரைவிற் குளிரும் என்றார். பொய் சொல்லவில்லை, விரைவிற் குளிர்ந்தது. சில நிமிடங்களில் அறை குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும். ஆனால் தாள்கள் தொட்டால் பிசுபிசுத்தன. கார்த்திகை மழை முடிந்து அலுமாரியைத் திறந்தபோது நூல்களின் முதுகிலே சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தந்தையாரின் குறிப்பேடு ஒன்றில் இரண்டு பக்கங்களின் மை ஊறிக் கலந்து, எழுத்து எதுவென்று தெரியாது போயிற்று. குளிர்ந்த அறையிலே பூஞ்சணம் எவ்வாறு வளர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் கேரியர் எனக்கு அறிமுகமானார்.

வில்லிஸ் ஹவிலண்ட் கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்து அங்கோலா என்னும் சிற்றூரில், உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவனுக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. இதனை அறிந்த தாயார் நிலவறையிலிருந்து அப்பிள் பழங்களை எடுத்துவரச் செய்து, பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டி, கூட்டியும் கழித்தும் காட்டினாராம். பழுதான மணிக்கூட்டையும் தையல் இயந்திரத்தையும் தாமே திருத்தும் கைவண்ணம் அவ்வம்மையாருக்கு இருந்தது. மகனுக்குப் பதினொரு வயதானபோது அவர் காலமானார். எந்தச் சிக்கலையும் வெட்டிப் பார்க்கத்தக்க சிறு கூறுகளாக்கும் பழக்கத்தை அந்த அப்பிள்களே தமக்குத் தந்தன என்று கேரியர் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கரும்பலகையின் முன் முப்பது ஆண்டுகள் நின்ற எனக்கு இந்தச் செய்தி ஒன்றே போதும், அவரை நேசிக்க.

பொருள் வசதி இன்மையாற் சிலகாலம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர் புலமைப்பரிசில் பெற்றுக் கோர்னெல் பல்கலைக்கழகம் புகுந்தார். 1901இற் பட்டம் பெற்று, பஃபலோ நகரிலே வெப்பமூட்டிகளும் காற்றூதிகளும் செய்யும் கொம்பனி ஒன்றில் வாரம் பத்து டொலர் சம்பளத்துக்கு அமர்ந்தார். உலகுக்குக் குளிர் வழங்கியவர் தொடக்கத்தில் வெப்பத்திலே வேலை செய்தார் என்பது பலர் அறியாதது. மரப் பலகையையும் கோப்பிக் கொட்டையையும் உலர்த்தும் அமைப்புகளை வரைவதே அவரது முதற் பணி. அக்காலத்துப் பொறியியலாளர் வெப்பமூட்டியின் அளவை ஏறக்குறைய ஊகித்தே தீர்மானித்தனர். குறைந்துவிடுமோ என்ற அச்சத்தினாற் பெரிதாகவே வைத்தனர். (என் கடைக்காரரும் அந்த மரபினர் போலும்!) கேரியர் அதனை ஏற்கவில்லை. குழாய்களின் மீது எவ்வளவு காற்றுச் சென்றால் எவ்வளவு வெப்பம் பெறும் எனச் சோதனை செய்து அட்டவணைகள் வகுத்தார்.

1902ஆம் ஆண்டு புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றிலிருந்து முறைப்பாடு வந்தது. வண்ணப் படங்களை ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறமாக அச்சிடுகையில், கோடைக் காற்றின் ஈரத்தினாற் தாள் விரிந்தும் சுருங்கியும் நிறங்கள் விலகின. ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும் பொறுப்பு இருபத்தைந்து வயது இளைஞரிடம் வந்து சேர்ந்தது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்தினால், காற்றிலுள்ள ஈரம் குழாயின் மேலே துளித்து வழிந்துவிடும். குளிர்நீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல. அந்த ஆண்டு யூலை 17ஆம் திகதி இட்ட வரைபடங்களே இன்றைய குளிரூட்டிகளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. மாரியில் 70 பாகை பரனைற், கோடையில் 80 பாகை, எப்போதும் 55 சதவீத ஈரப்பதன் என்பது இலக்கு. மனிதரின் சுகத்துக்காகவன்று, தாளின் சுகத்துக்காகவே இது பிறந்தது என்பதை வாசித்தபோது என் அலுமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

எனினும் கேரியருக்கு அது நிறைவு தரவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு, பிற்ஸ்பேர்க் புகையிரத நிலைய மேடையிலே அவர் நின்றபோது மூடுபனி சூழ்ந்திருந்தது. அக்காற்று ஈரத்தால் நிறைந்தது. ஆயினும் மிகக் குளிர்ந்தது ஆதலால் அது தாங்கியிருந்த நீர் மிகச் சொற்பம். குளிரக் குளிரக் காற்றின் கொள்ளளவு சுருங்குகிறது. அவ்வாறாயின், விரும்பிய குளிர்நிலையிலே நீர்த் தூவலின் ஊடாகக் காற்றைச் செலுத்தி, ஈரத்தால் நிறையச் செய்து, பிறகு வேண்டிய அளவு சூடாக்கினால், வேண்டிய ஈரப்பதன் கிடைத்துவிடும் அல்லவா? நீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவதாம்! கேட்டவர்கள் நகைத்திருப்பார்கள். 1906 யனவரி 2ஆம் திகதி இக்கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1907இல் யப்பானின் பட்டு ஆலை ஒன்றுக்கும் இது சென்றது. 1911 திசெம்பரில் அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னே வெப்பநிலை, ஈரப்பதன், பனிபடுநிலை ஆகியவற்றின் தொடர்பைச் சூத்திரங்களாக வகுத்து ஒரு கட்டுரை படித்தார். இன்றும் இத்துறை மாணவர் கையாளும் ஈரமான அட்டவணைகளுக்கு அதுவே வித்து.

என் கேள்விக்கு விடையும் இங்கேயே கிடைத்தது. காற்றைக் குளிரச் செய்தால் மட்டும் அது உலர்ந்துவிடாது. ஈரம் வெளியேறாமற் குளிர்ந்த காற்றிலே ஈரப்பதன் ஏறவே செய்யும். என் இயந்திரம் அறையின் அளவுக்கு மிஞ்சியது. சுருளிலே நீர் துளித்து வெளியே வடியும் முன்னரே அறை குளிர்ந்து, அமுக்கி நின்றது. சுருளில் எஞ்சிய நீரைக் காற்றாடி மறுபடியும் அறைக்குள்ளே வீசியது. சிறிய இயந்திரமாயின் நெடுநேரம் ஓடி, சொட்டுச் சொட்டாக ஈரத்தை இறக்கியிருக்கும்.

1914இல் அவர் பணியாற்றிய கொம்பனி பொறியியற் பிரிவைக் குறைக்க முடிவுசெய்தது. கேரியரும் நண்பர் லைல் என்பவரும் மேலும் ஐந்து இளைஞரும் சேர்ந்து, 32,600 டொலர் முதலுடன் 1915இல் தனிக் கொம்பனி தொடங்கினர். ஐரோப்பாவிலே போர் மூண்டிருந்த காலம் அது. துணிச்சல் என்பதா, அறியாமை என்பதா! 1922இல் மையநீக்க விசையில் இயங்கும் குளிராக்கியை வெளிப்படுத்தினார். 1924இல் டிற்றோயிற் நகரத்துப் பெருங்கடை ஒன்றும், 1925இல் நியூயோர்க்கின் றிவோலி படமாளிகையும் அதனைப் பொருத்தின. திறப்பு நாளிலே மக்கள் கைவிசிறிகளோடு வந்து அமர்ந்தனர். இயந்திரம் தாமதமாகவே தொடங்கியது. கேரியரும் தோழரும் பின்னால் நின்று, விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்குவதைக் கண்ட பின்னரே மூச்சு விட்டனர். 1928இல் வீடுகளுக்கென ஒரு சிறு இயந்திரத்தையும் கொண்டுவந்தார். ஆனால் பொருளாதார மந்தமும் தொடர்ந்து வந்த போரும் அதனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டன.

அவர் கவலையை வென்ற முறையை டேல் கார்னகி 1948இல் வெளியிட்ட நூலிலே காணலாம். இளமையில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் அவர் பொருத்திய வாயுச் சுத்திகரிப்புக் கருவி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. உறக்கம் போயிற்று. நேரக்கூடிய உச்சத் தீங்கு யாது என்று எண்ணினார். 20,000 டொலர் நட்டம். அதனை மனத்தளவில் ஏற்றுக்கொண்டார். ஏற்றதும் மனம் தெளிய, இன்னும் 5,000 டொலர் செலவிட்டுக் கருவியைச் செப்பனிட்டு, நட்டத்துக்குப் பதில் இலாபமே காட்டினார். நானும் அவ்வாறே, அழிந்த இரு பக்கங்கள் அழிந்தவையே என ஏற்றுக்கொண்டு, எஞ்சியவற்றைக் காக்க முற்பட்டேன். சொல்வது எளிது, ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் சென்றது.

பெரிய இயந்திரத்தை எங்கள் வாசகர் வட்டம் கூடும் மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டு, நூலறைக்கு 9,000 பி.ரி.யு. அளவில் ஒன்று வாங்கினேன். வெளிப்புறப் பெட்டியைக் கடலைப் பாராத கிழக்குச் சுவரில், மதிலின் மறைவிலே பொருத்தச் செய்தேன். சோளகத்துக்காகவே மேல்நாட்டார் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க எங்கள் ஊர் தேடி வருகிறார்கள். அதே காற்றின் உப்போ அலுமினியத் தகடுகளை ஓரிரு ஆண்டுகளிற் பொடியாக்கிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை, மின்னைத் துண்டித்துவிட்டு, அப்பெட்டியை நன்னீரால் மெதுவாகக் கழுவுகிறேன். உள்ளிருக்கும் தூசு வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை அலம்பி நிழலில் உலர்த்துகிறேன். நீர் வடியும் குழாயிற் பாசி அடைத்தால் சுவரே நனையும் என்பதையும் பட்டறிந்தேன். அறைக் கதவின் கீழ் இடுக்கைத் துணி வைத்து அடைத்தது என் பேத்தியின் யோசனை; நூறு ரூபாவும் ஆகவில்லை, பயனோ பெரிது.

மின் கட்டணம் வரும்போது மட்டும் மனம் சற்று உறுத்துகிறது. இதே குடாநாட்டில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் இயங்கி, இன்று 900 மெகாவாற்று ஆற்றலோடு நிற்கிறது. என் அறை குளிர வேறோரிடத்தே கரி எரிகிறது. அதனால் உலகம் சூடாகிறது. சூடாகும் உலகிலே குளிரூட்டிகள் பெருகுகின்றன. குளிரூட்டும் வாயுக்களாலும் கேடு விளைந்தது. 1987இல் மொன்றியலிலும் 2016இல் கிகாலியிலும் நாடுகள் கூடி உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கேரியர் அறியார். 1950 ஒக்ரோபர் 7ஆம் திகதி அவர் நியூயோர்க்கிற் காலமானபோது, அமெரிக்காவிலேயே மிகச் சில வீடுகளில்தான் இவ்வியந்திரம் இருந்தது. படுக்கையறையில் இதனை வைப்பதைத் தவிர்த்து, நூலறைக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். எங்களுக்குத் திண்ணை போதும்.

ஈரமானி ஒன்றை அலுமாரிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று வெளியே அடைமழை. முள் 56இல் நிற்கிறது. பதினொரு குறிப்பேடுகளில் ஏழைப் பேத்தி பார்த்தெழுதி முடித்துவிட்டாள். எட்டாவதிலேதான் அந்த இரண்டு பக்கங்கள் வருகின்றன. அவ்விடத்தை வெறுமையாக விட்டு மேலே எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.