பசித்த நுண்ணுயிரி சொன்ன விடை

ழாக் மோனோ 1910ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்தார். இளம்பிள்ளைவாதம் அவருடைய ஒரு காலைத் தளரச் செய்தது. ஆயினும் அவர் மலையேறினார். செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியையும் வாசித்தார். இசையா, அறிவியலா என நெடுநாள் தயங்கி, அறிவியலைத் தேர்ந்தார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் பாக்டீரியாக்களுக்குக் குளுக்கோசுடன் மற்றொரு சர்க்கரையையும் சேர்த்து அளித்தார். அவை முதலில் குளுக்கோசை மட்டுமே உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றது. சிறிது நேரத்திற்குப் பின் மற்றச் சர்க்கரையை உண்டு மீண்டும் பெருகின. அந்த இடைவேளையில் நிகழ்வது யாது? இவ்வினா மோனோவை விடவில்லை.

1941இல் இதனை ஆய்வேடாக அளித்தார். அப்போது பாரிசு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. மோனோ மறைந்து வாழ்ந்து நாட்டின் விடுதலைக்குப் போராடினார், ஆய்வையும் கைவிடவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1961இல், பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ழாக்கோப்புடன் சேர்ந்து விடை கூறினார். பாலில் உள்ள லாக்டோசைச் செரிக்கும் நொதிகளை ஆக்க, பாக்டீரியாவிடம் தனி மரபணுக்கள் உள்ளன. லாக்டோஸ் இல்லாதபோது ஒரு புரதம் அவற்றின் முகப்பில் அமர்ந்து தடுக்கிறது. லாக்டோஸ் நுழைந்ததும் அத்தடை விலகுகிறது. குளுக்கோசும் தீர்ந்திருந்தால் மரபணுக்கள் முழுவீச்சில் இயங்குகின்றன. தேவையற்றபோது நொதிகளை ஆக்கி, அச்சிற்றுயிர் ஆற்றலை வீணாக்குவதில்லை.

1965இல் மோனோ, ழாக்கோப், ஆந்திரே லுவோஃப் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். 1976இல் மோனோ மறைந்தார். பாக்டீரியாவின் அந்த இடைவேளை ஓய்வன்று, புதிய உணவுக்கான ஆயத்தமே என்பதை உலகம் அவரால் அறிந்தது.